இல்லினாய்ஸில் சிட்டிங் உறுப்பினர்கள் ஏன் தோற்பதில்லை, எப்போது தோற்கிறார்கள்?

கேள்வி இதுதான்: அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை வாக்காளர்களைச் சந்தித்தாலும், மறுபடி போட்டியிடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வென்றுவிடுகிறார்கள் என்றால், இடைக்காலத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு எதிராக அலை வீசியது என்று பத்திரிகைகள் எழுதுவதற்கு என்னதான் பொருள்? ஏதாவது ஒரு மாநிலத்தை எடுத்துக்கொண்டு, அங்கே யார் நின்றார்கள், யார் வீழ்ந்தார்கள் என்று விளக்க முடியுமா?

நான் இல்லினாய்ஸை எடுத்துக்கொள்கிறேன். சிகாகோ என்ற மாநகரம், அதைச் சுற்றிய வசதியான புறநகரங்கள், அதற்கப்பால் மிசிசிப்பி ஆறுவரை சோளமும் சோயாவும் விளையும் சமவெளி என்று மூன்று வெவ்வேறு உலகங்கள் ஒரே மாநிலத்துக்குள் இருப்பதால், ஒரு அலை எங்கே கரையைத் தொடுகிறது, எங்கே தொடாமலே திரும்பிப் போகிறது என்பதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். நம்மூரில் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ ஒரு தொகுதிக்கு மட்டும் நடக்கும் இடைத்தேர்தல் வேறு. குடியரசுத் தலைவரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில், கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் மேலவையான செனட்டின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் சேர்த்து நடக்கும் இந்த இடைக்காலத் தேர்தல் வேறு. இதில் குடியரசுத் தலைவரின் கட்சி கீழவையில் இடங்களை இழப்பது வழக்கம். 1934, 1998, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளே கடந்த நூறு ஆண்டுகளில் அதற்கு விலக்கு. 2018-இல் டிரம்ப்பின் குடியரசுக் கட்சி நாடு முழுவதும் ஏறத்தாழ 40 இடங்களை இழந்து பெரும்பான்மையைப் பறிகொடுத்தது. ஆனால் அதே ஆண்டில், மறுபடி போட்டியிட்ட உறுப்பினர்களில் 91 விழுக்காட்டினர் வென்றார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்: பெரும்பான்மை கைமாறுவதற்கு முப்பது நாற்பது தொகுதிகள் மாறினால் போதும், மீதி நானூறு தொகுதிகளுக்கு அந்த அலை வெறும் தொலைக்காட்சிச் செய்தி.

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிட்டிங் உறுப்பினரின் பலம் என்று அவருடைய பெயர், பணம், அலுவலகம், பாஸ்போர்ட்டும் விசாவும் முன்னாள் ராணுவத்தினர் ஓய்வூதியமும் கேட்டு வருகிறவர்களுக்கு அவருடைய ஊழியர்கள் செய்து கொடுக்கும் உதவி ஆகியவற்றையே எல்லோரும் பட்டியலிடுகிறார்கள். அவை மெய்தான். ஆனால் இல்லினாய்ஸின் கடந்த இருபதாண்டு வரலாற்றைப் பார்த்தால், அவற்றைவிடப் பெரிய பலம் ஒன்று தெரிகிறது: தனக்கு எதிரே யார் நிற்க முடியும், எந்த எல்லைக்குள் நிற்க முடியும், எப்போது நிற்க முடியும் என்பதை அவரும் அவருடைய கட்சியும் பெருமளவுக்கு முன்கூட்டியே தீர்மானித்து விடுகிறார்கள். அந்தத் தீர்மானம் பிசகும் இடத்தில்தான் சிட்டிங் உறுப்பினர் தோற்கிறார்.

எல்லையிலிருந்து தொடங்குவோம். 2010 இடைக்காலத் தேர்தலில் ஒபாமாவுக்கு எதிரான அலையில் இல்லினாய்ஸில் மட்டும் ஜனநாயகக் கட்சியின் நான்கு சிட்டிங் உறுப்பினர்கள் வீழ்ந்தார்கள். 8-ஆம் தொகுதியில் மெலிசா பீன், ஜோ வால்ஷிடம் முந்நூறுக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். 11-இல் டெபி ஹால்வர்சனை ஆடம் கின்சிங்கரும், 14-இல் பில் ஃபாஸ்டரை ராண்டி ஹல்ட்கிரெனும், 17-இல் ஃபில் ஹேரை பாபி ஷில்லிங்கும் தோற்கடித்தார்கள். மாநிலத்தின் 19 இடங்களில் 11 குடியரசுக் கட்சிக்குப் போயின. ஒபாமாவின் சொந்த மாநிலத்தில் இது பெரிய அடி.

ஆனால் அதே ஆண்டு ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பாட் குவின் மயிரிழையில் பிழைத்தார். மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் அவர் கட்சியிடமே இருந்தன. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு தொகுதி எல்லைகளை வரைவது இங்கே மாநிலச் சட்டமன்றத்தின் வேலை. நம் நாட்டில் தொகுதி மறுவரையறைக்குத் தனி ஆணையம் அமைப்பதைப் போன்ற ஏற்பாடு இல்லினாய்ஸில் நாடாளுமன்றத் தொகுதிகளுக்குக் கிடையாது; ஆளுங்கட்சியே கோடு போடும். 2011-இல் போட்டார்கள். ஓரிடம் குறைந்து 18 ஆன தொகுதிகளில், 2012-இல் குடியரசுக் கட்சியின் வால்ஷ், பாப் டோல்ட், ஜூடி பிகர்ட், ஷில்லிங் ஆகிய நான்கு சிட்டிங் உறுப்பினர்களும் தோற்றார்கள். எண்ணிக்கை 12-க்கு 6 என்று ஜனநாயகக் கட்சியின் பக்கம் புரண்டது. அது குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டு, ஒபாமாவின் செல்வாக்கும் உதவியது என்பது சரி. ஆனாலும் இரண்டே ஆண்டில், நவம்பர் தேர்தல்களில், எட்டு சிட்டிங் உறுப்பினர்கள் ஒரே மாநிலத்தில் வீழ்ந்ததற்கு, முதல் நால்வருக்கு அலை காரணம், அடுத்த நால்வருக்குக் கோடு காரணம் என்றே நான் சொல்வேன்.

அந்த வரைபடத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். சிகாகோவின் 4-ஆம் தொகுதியைக் காதுமூடி என்றே செல்லமாக அழைத்தார்கள். நகரத்தின் வடக்கே ஒரு லத்தீன் அமெரிக்கக் குடியிருப்பு, தெற்கே இன்னொன்று. இரண்டையும் ஒரே தொகுதியாக்க, மேற்கே நெடுஞ்சாலையை ஒட்டிய மெல்லிய பட்டை ஒன்றை வளைத்து இணைத்திருந்தார்கள், குளிர்காலத்தில் தலைக்கு மேல் போடும் காதுமூடியின் கம்பி போல. கேலிக்கு ஆளானாலும், லத்தீன் மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு தொகுதி வேண்டும் என்ற நியாயமான காரணத்துக்காக 1990-களில் உருவானது அது. கோணல் வடிவம் எல்லாமே சூழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு பாடத்தை 10-ஆம் தொகுதி கற்பிக்கிறது. மிச்சிகன் ஏரிக் கரையோரம் சிகாகோவின் வடபுறநகரங்களைக் கொண்ட தொகுதி. 2010-இல் குடியரசுக் கட்சியின் பாப் டோல்ட் வென்றார்; 2012-இல் ஜனநாயகக் கட்சியின் பிராட் ஷ்னைடர் அவரை வீழ்த்தினார்; 2014 இடைக்காலத் தேர்தலில் டோல்ட் திரும்பி வந்தார்; 2016-இல் மறுபடி ஷ்னைடர். அதே இருவர், ஊசல் மட்டும் ஆடியது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டில் வரும் வாக்காளர் கூட்டமும், இடைக்காலத் தேர்தலுக்கு வரும் கூட்டமும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனைக்கூடம் கிடைக்காது. இடைக்காலத்துக்கு வருகிறவர்கள் குறைவு. ஒபாமா காலத்தில் அந்தக் குறைவான கூட்டம் வயதானவர்களும் வெள்ளையர்களும் மிகுந்ததாக, குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக இருந்தது. டிரம்ப் வந்தபின் கல்லூரிப் படிப்புள்ள புறநகர வாக்காளர்கள் கட்சி மாறத் தொடங்கியதால், அதே சாதகம் எதிர்ப்பக்கம் போய்விட்டது.

அந்த மாற்றம் 2018-இல் எப்படி ஒரு உறுப்பினரை அடித்துச் சென்றது என்பதற்கு 6-ஆம் தொகுதியின் பீட்டர் ராஸ்கம் உதாரணம். 2006-இல் ஹென்றி ஹைட் ஓய்வுபெற்றபோது காலியான அந்தத் தொகுதியில், ஈராக் போரில் இரு கால்களையும் இழந்த டேமி டக்வொர்த்தைத் தோற்கடித்து நுழைந்தவர் ராஸ்கம். நாடெங்கும் ஜனநாயகக் கட்சிக்கு அலை வீசிய ஆண்டு அது. இல்லினாய்ஸில் ஒரு தொகுதிகூடக் கைமாறவில்லை. 2011-இல் கோடு போட்ட ஜனநாயகக் கட்சியினர், புறநகரங்களில் சிதறிக் கிடந்த குடியரசுக் கட்சி வாக்குகளை ஒரே பாத்திரத்தில் கொட்டி மூடுவது போல, 8-ஆம் தொகுதியைச் சுற்றி வளைத்து ராஸ்கமுக்கு ஒரு பாதுகாப்பான தொகுதியை வரைந்து கொடுத்தார்கள். அவரை அங்கே அடைத்துவிட்டால் பக்கத்துத் தொகுதிகள் தங்களுக்கு என்பது கணக்கு.

கணக்குப் போட்டவர்களே எதிர்பாராதது பிறகு நடந்தது. 2016-இல் அந்தத் தொகுதியில் ஹிலரி கிளின்டன் ஏறத்தாழ ஏழு புள்ளி வித்தியாசத்தில் முந்தினார். அதே வாக்குச்சீட்டில் ராஸ்கம் 59 விழுக்காடு பெற்றார். அதாவது, டிரம்ப்பைப் பிடிக்காத ஆயிரக்கணக்கானோர் ராஸ்கமை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சிட்டிங் உறுப்பினரின் தனிப்பட்ட செல்வாக்கு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அடுத்த ஆண்டு டிசம்பரில் வரிச் சட்டம் வந்தது. மாநில வரி, சொத்து வரி ஆகியவற்றுக்கு மத்திய வருமான வரியில் கழிவு கேட்பதற்கு அந்தச் சட்டம் 10,000 டாலர் என்று வரம்பு கட்டியது. டூபேஜ் மாவட்டத்துப் புறநகரங்களில் பல வீடுகளுக்குச் சொத்து வரியும் மாநில வரியும் சேர்ந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். கீழவையின் வரிக் கொள்கைத் துணைக்குழுவின் தலைவராக இருந்து அந்தச் சட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர் ராஸ்கம். மறைந்து நின்று வாக்களிக்கும் சாதாரண உறுப்பினராக இருந்திருந்தால் தப்பியிருப்பாரோ என்னவோ; பதவி உயர்வே வினையாயிற்று.

எதிரே நின்ற ஷான் காஸ்டன் ஒரு விஞ்ஞானி, தூய எரிசக்தித் தொழில் நடத்தியவர், அதற்குமுன் தேர்தலில் நின்றதில்லை. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவுசெய்யும் உட்கட்சித் தேர்தலில் (பிரைமரி) ஏழு பேர் மோத, ஏறத்தாழ முப்பது விழுக்காடு வாக்கிலேயே வேட்பாளர் ஆனவர். நவம்பரில் 53.6 விழுக்காடு பெற்று ராஸ்கமை வீழ்த்தினார். பாதுகாப்பான தொகுதி என்று வரைந்தது பாதுகாப்பாக இருக்கும்வரைதான் மற்றக் கட்சியின் நல்ல வேட்பாளர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். ஏழு பேர் சீட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்றாலே, அந்தத் தொகுதியின் வாசனை மாறிவிட்டது என்று பொருள்.

பக்கத்திலிருந்த 14-ஆம் தொகுதிக் கதை இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது. சபாநாயகராக இருந்த டென்னிஸ் ஹாஸ்டர்ட்டின் பழைய தொகுதி; 2016-இல் டிரம்ப் ஏறத்தாழ நான்கு புள்ளியில் முந்திய இடம்; ஹல்ட்கிரென் அப்போது 59 விழுக்காடு வாங்கியிருந்தார். வழக்கமான கணக்கில் இங்கே ஜனநாயகக் கட்சிக்கு வேலையில்லை. 2017 வசந்தத்தில் ஒரு பொதுக்கூட்டத்தில், ஏற்கனவே நோய் இருப்பவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டைப் பாதுகாக்கும் மசோதாவை மட்டுமே ஆதரிப்பேன் என்று ஹல்ட்கிரென் சொன்னதாகவும், அந்தக் கூட்டத்தில் தானும் உட்கார்ந்திருந்ததாகவும் லாரன் அண்டர்வுட் பிறகு பலமுறை சொன்னார். அண்டர்வுட் ஒரு செவிலியர். ஒபாமா அரசின் சுகாதாரத் துறையில் பணியாற்றியவர். அவருக்கே இதயத் துடிப்பில் கோளாறு உண்டு. மே 4 அன்று ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தை மாற்றும் மசோதா 217-க்கு 213 என்ற கணக்கில் கீழவையில் நிறைவேறியபோது, ஆதரித்தவர்களில் ஹல்ட்கிரெனும் ஒருவர். காப்பீடு இடையில் விட்டுப்போன நோயாளிகளிடம் கூடுதல் கட்டணம் வாங்க மாநிலங்கள் விலக்குக் கோரலாம் என்ற பிரிவு அதில் இருந்தது. மசோதா செனட்டில் செத்துப்போயிற்று. ஆனால் 217 பேரின் பெயர்களும் பதிவேட்டில் நின்றன.

அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அண்டர்வுட் களத்தில் இறங்கினார். உட்கட்சித் தேர்தலில் எதிரே ஆறு பேர், ஆறு பேரும் ஆண்கள். பெரும்பான்மை வாக்கு பெற்று அவர்களை ஒதுக்கினார். வெள்ளையர்கள் பெருவாரியாக வாழும் தொகுதியில் 32 வயதுக் கறுப்பினப் பெண் வெல்ல முடியாது என்று சொன்னவர்கள் அவர் கட்சியிலேயே இருந்தார்கள். நவம்பர் 6 அன்று 52.5 விழுக்காடு பெற்று வென்று, கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பினப் பெண்களில் மிக இளையவர் ஆனார். ஹல்ட்கிரென் அயோக்கியர் அல்லர், சோம்பேறியும் அல்லர். தொகுதியில் சொன்னதும் தலைநகரில் அழுத்திய பொத்தானும் பொருந்தாமல் போன ஒரே ஒரு நாள்தான் அவருக்கு எதிராக ஒரு வேட்பாளரை உருவாக்கியது. சிட்டிங் உறுப்பினருக்கு இருக்கும் உண்மையான பலவீனம் அந்த வாக்குப் பதிவேடு. எதிர்த்து நிற்கிறவருக்கு அப்படியொரு பதிவேடே கிடையாது.

அதே மசோதாவுக்கு வாக்களித்த இல்லினாய்ஸின் மற்ற குடியரசுக் கட்சியினர் பிழைத்தார்கள். 13-இல் ராட்னி டேவிஸ் ஏறத்தாழ இரண்டாயிரம் வாக்குகளில் தப்பினார்; தென்கோடியில் 12-ஆம் தொகுதியின் மைக் பாஸ்ட் ஆறு புள்ளியில் வென்றார். அலை புறநகரங்களில் உயர்ந்தது, ஆலைகள் மூடிய தெற்கு நகரங்களில் எதிர்த்திசையில் ஓடியது. மாநிலத்தில் 11-க்கு 7 என்றிருந்தது 13-க்கு 5 ஆயிற்று. பதினெட்டுத் தொகுதிகளில் இரண்டுதான் மாறின. அதைத்தான் அலை என்கிறோம்.

இனி, யார் நிற்க முடியும் என்ற விஷயம். இல்லினாய்ஸில் கட்சித் தலைமை டிக்கெட் கொடுப்பதில்லை. உட்கட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டுமானால், தொகுதி வாக்காளர்களிடம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கையெழுத்து வாங்கி மனுவாகத் தாக்கல் செய்ய வேண்டும். தேர்தலுக்கு முந்தைய இலையுதிர் காலத்தில், மாலை இருட்டியபின் கதவு தட்டும். கிளிப் வைத்த அட்டையும், நூலில் கட்டிய பேனாவுமாக ஒருவர் நிற்பார். பதிவு செய்த முகவரியை அப்படியே எழுத வேண்டும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்காகச் சேர்த்துப் போட்டால் செல்லாது. ஒவ்வொரு தாளின் அடியிலும், இந்தக் கையெழுத்துகள் என் கண்முன் போடப்பட்டவை என்று வாங்கியவர் உறுதிமொழி எழுதி நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். தாள்களுக்கு வரிசை எண் இட்டு ஒன்றாகக் கட்டி ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள மாநிலத் தேர்தல் வாரியத்தில் கொடுக்க வேண்டும். முதல் நாள் காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குள் குலுக்கல் போட்டு, வெல்பவர் பெயர் சீட்டின் முதலிடத்தில் வரும் என்பதால் விடியுமுன்பே வரிசை நீளும். பிறகு எதிரணி வழக்கறிஞர்கள் ஒவ்வொரு கையெழுத்தையும் வாக்காளர் பதிவோடு ஒப்பிட்டு அடிப்பார்கள். 1996-இல் மாநில செனட்டுக்கு முதன்முதலாக நின்ற பராக் ஒபாமா, பதவியில் இருந்த ஆலிஸ் பாமர் உட்படத் தன் உட்கட்சிப் போட்டியாளர் எல்லோரையும் இந்த வழியில்தான் சீட்டிலிருந்து நீக்க வைத்தார். அதே ஒபாமா 2000-இல் கீழவைக்காக பாபி ரஷ்ஷை எதிர்த்து நின்று, இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் தோற்றார். மனுவில் வெல்ல முடிந்தவரால் சிட்டிங் உறுப்பினரின் பெயரை வெல்ல முடியவில்லை.

இந்த மனுத் தேதியைச் சுற்றித்தான் இந்த மாநிலத்தின் மிக நாசூக்கான வித்தை நடக்கிறது. 2004-இல் 3-ஆம் தொகுதியின் பில் லிபின்ஸ்கி உட்கட்சித் தேர்தலில் தானே நின்று வென்றார். ஆகஸ்டில் ஓய்வு என்று அறிவித்தார். காலியான இடத்துக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளூர்க் கட்சி நிர்வாகிகளுக்குப் போனது. அவர்கள் தேர்ந்தெடுத்தது அவருடைய மகன் டான் லிபின்ஸ்கியை, டென்னசி பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்துக் கொண்டிருந்தவரை. 2012-இல் குடியரசுக் கட்சியிலும் இதுவே நடந்தது: டிம் ஜான்சன் மார்ச்சில் உட்கட்சித் தேர்தலை வென்று, ஏப்ரலில் விலகி, மாவட்டத் தலைவர்கள் கூடி ராட்னி டேவிஸை நிறுத்தினார்கள். காதுமூடித் தொகுதியின் லூயிஸ் குட்டியெரெஸ் 2017 நவம்பர் இறுதியில், மனுவைக் கொடுத்த கையோடு விலகி, பக்கத்தில் ஹெசூஸ் கார்சியாவை நிறுத்தி ஆதரவு தெரிவித்தார். மற்றவர்களுக்குக் கையெழுத்துத் திரட்ட ஒரு வாரம்கூட முழுதாக இல்லை. எட்டாண்டு கழித்து, 2025 நவம்பரில், அதே கார்சியா, மனுக் கடைசி நாளில் தன் அலுவலகத் தலைமை ஊழியர் பேட்டி கார்சியா மனுக் கொடுத்தபின் தன் மனுவைத் திரும்பப் பெற்றார். இந்த முறை அவர் கட்சியைச் சேர்ந்த வாஷிங்டன் மாநில உறுப்பினர் மேரி குளூசென்காம்ப் பெரெஸே கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். 236-க்கு 183 என்று அது நிறைவேறியது. நம்மூர் வாரிசு அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. புதிதாக இருப்பது, சட்டத்தின் ஒரு வரியையும் மீறாமல், நாள்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டு செய்துவிடும் சுத்தம்தான்.

இப்படிப் போட்டியே இல்லாமல் போகும்போது என்ன நேரும் என்பதற்கும் அதே 3-ஆம் தொகுதி சாட்சி. எப்படியும் தோற்கும் இடம் என்று குடியரசுக் கட்சி 2018-இல் அங்கே ஒருவரையும் தயார் செய்யவில்லை. விளைவாக, யூதர்கள் மீதான இனப்படுகொலையே நடக்கவில்லை என்று வாதிட்டு வந்த, நாஜிக் கொள்கைக்காரரான ஆர்தர் ஜோன்ஸ், எதிர்ப்பின்றி அந்தக் கட்சியின் வேட்பாளர் ஆனார். மாநிலக் கட்சி அவரைக் கைகழுவியும், நவம்பரில் நான்கில் ஒரு பங்கு வாக்கு அவருக்கு விழுந்தது. ஜனநாயகக் கட்சிக்குள் நடந்ததுதான் அங்கே உண்மையான தேர்தல்: மார்ச் உட்கட்சித் தேர்தலில் மேரி நியூமனிடம் டான் லிபின்ஸ்கி ஏறத்தாழ இரண்டாயிரம் வாக்கில் தப்பினார், கருக்கலைப்பு உரிமையை எதிர்த்து வந்த அவருடைய நிலைப்பாடு, கட்சி நகர்ந்துபோன திசைக்குப் பொருந்தவில்லை. 2020-இல் நியூமன் அவரை வீழ்த்தியே விட்டார்.

தமிழ் வாசகர்கள் பலருக்கும் தெரிந்த பெயர் 8-ஆம் தொகுதியின் ராஜா கிருஷ்ணமூர்த்தி. புதுதில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இல்லினாய்ஸின் பியோரியாவில் வளர்ந்தவர். அவருடைய வளர்ச்சி, நான் மேலே சொன்னதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கிடைக்கும் சான்று. 2010-இல் மாநிலக் கணக்குத் தலைவர் பதவிக்கு நின்று உட்கட்சித் தேர்தலில் சிறு வித்தியாசத்தில் தோற்றார்; 2012-இல் இதே 8-ஆம் தொகுதிக்கு நின்று டேமி டக்வொர்த்திடம் பெரும் வித்தியாசத்தில் தோற்றார். டக்வொர்த் உறுப்பினராக இருந்தவரை அவரை எதிர்த்து மறுபடி நிற்கவில்லை. 2016-இல் டக்வொர்த் செனட்டுக்குப் போனதும், காலியான இடத்தில் நின்று வென்றார். 2018-இல் அவரை எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளரும் இந்திய வம்சாவளியினரே. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிருஷ்ணமூர்த்திக்கு. சிட்டிங் உறுப்பினரை முட்டி மோதுவதைவிட அவர் நகரும்வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் என்பதை இந்த மாநிலத்துத் திறமைசாலிகள் எல்லோருமே அறிவார்கள். அதனால்தான் நல்ல போட்டி எல்லாம் காலியிடங்களிலேயே நடக்கிறது, சிட்டிங் உறுப்பினர்களுக்கு எதிரே பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள் நிற்கிறார்கள்.

2022 இடைக்காலத் தேர்தலைப் பார்த்தால், இந்தக் கதையில் நவம்பர் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். மக்கள்தொகை குறைந்து மாநிலம் மறுபடி ஓரிடத்தை இழந்து 17 ஆனது. ஜனநாயகக் கட்சி 2021-இல் வரைந்த வரைபடம் 2011-ஐவிடத் துணிச்சலானது. 13-ஆம் தொகுதியை, கிழக்கு செயின்ட் லூயிஸில் தொடங்கி, ஸ்பிரிங்ஃபீல்டு, டிகேட்டர் வழியாகப் பல்கலைக்கழக நகரமான ஷாம்பெய்ன்வரை, பாம்பு போல் நீட்டி, வழியில் கிடைத்த ஜனநாயகக் கட்சி வாக்குகளையெல்லாம் கோத்தார்கள். 2018-இல் இரண்டாயிரம் வாக்கில் தப்பிய டேவிஸுக்குச் சொந்தத் தொகுதி இல்லாமல் போயிற்று. அவர் 15-ஆம் தொகுதிக்குப் போனார். அங்கே இன்னொரு சிட்டிங் உறுப்பினர் மேரி மில்லர் காத்திருந்தார். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது நடத்திய தாக்குதலை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று வாக்களித்த 35 குடியரசுக் கட்சியினரில் டேவிஸும் ஒருவர். டிரம்ப் மில்லரை ஆதரித்து நேரில் வந்து பேசினார். ஜூன் 28 உட்கட்சித் தேர்தலில் டேவிஸ் தோற்றார். பதவி நீக்கத் தீர்மானத்தில் டிரம்ப்புக்கு எதிராக வாக்களித்த கின்சிங்கர் போட்டியிடவே இல்லை. மறுபக்கத்தில் காஸ்டனும் நியூமனும் ஒரே தொகுதியில் மோத, காஸ்டன் எளிதாக வென்றார். ஆக, நவம்பருக்கு முன்பே மூன்று சிட்டிங் உறுப்பினர்களின் கதை முடிந்துவிட்டது. 2020-இல் ஐயாயிரத்துச் சொச்சம் வாக்கில் தப்பிய அண்டர்வுட்டுக்குப் புதிய வரைபடம் மூச்சுவிட இடம் கொடுத்தது.

உண்மையான போட்டி என்று சொல்ல ஒரே ஒரு தொகுதியை 2022-இல் காட்டலாம்: வடமேற்கே 17. ஷெரி பஸ்டோஸ் ஓய்வுபெற்றுக் காலியான இடம். ஜனநாயகக் கட்சி நிறுத்திய எரிக் சோரென்சன், ராக்ஃபோர்டிலும் குவாட் சிட்டீஸிலும் ஆண்டுக்கணக்கில் தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை சொன்னவர். பதவியில் இல்லாதவர்தான், ஆனால் மாலை ஆறு மணிக்கு மழை வருமா என்று கேட்ட வீடுகளுக்கெல்லாம் தெரிந்த முகம். சிட்டிங் உறுப்பினருக்கு இருக்கும் பெயர்ப் பழக்கத்தைக் கட்சி வேறொரு தொழிலிலிருந்து இரவல் வாங்கிக்கொண்டது என்றே சொல்லலாம். நாலு புள்ளியில் வென்றார். மாநிலக் கணக்கு 14-க்கு 3. ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த ஆண்டில், இடைக்கால வழக்கத்துக்கு மாறாக, அந்தக் கட்சி இங்கே இடம் கூடுதலாகப் பெற்றது.

2026-க்கான வேட்பாளர் பட்டியலைப் பார்க்கிறவர்கள், முதலில் யார் நிற்கவில்லை என்பதைப் பார்ப்பது நல்லது. செனட்டர் டிக் டர்பின் ஓய்வை அறிவித்ததும், கிருஷ்ணமூர்த்தியும் 2-ஆம் தொகுதியின் ராபின் கெல்லியும் அந்த இடத்துக்குப் போட்டியிட முன்வந்தார்கள். 7-இல் டேனி டேவிஸும் 9-இல் ஜான் ஷக்கோவ்ஸ்கியும் ஓய்வு அறிவித்தார்கள். 4-இல் கார்சியாவின் கதை மேலே சொன்னதுதான். பதினேழில் ஐந்து தொகுதிகளில் சிட்டிங் உறுப்பினர் இல்லை. அவற்றில் 2, 7, 8, 9 ஆகிய நான்கிலும் மனுக் கொடுக்க வரிசை நீண்டது. ஐந்தாவதான 4-இல், இடம் காலியாகிறது என்று வெளியுலகுக்குத் தெரிந்தபோது, ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் மனுவுக்கான நேரம் முடிந்திருந்தது.